மிசிசிப்பி ஆளுநரைப் பற்றி

கல்ஃப்போர்ட், மிசிசிப்பி

அன்புள்ள சுந்தரமூர்த்தி,

இங்கு மகள் வீட்டில் அனைவரும் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தது நிம்மதியளித்தது. கத்ரீனா சூறாவளியின்போது இங்கே ஆளுநராக இருந்த ஹேலி பார்பரை இன்றும் பலர் மெச்சுகிறார்களே, அது தகுமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மாநில ஆளுநர் நம் மாநில ஆளுநரைப் போன்றவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய நம் முதலமைச்சரின் பொறுப்புகளைச் சுமப்பவர். அதனால் புகழும் பழியும் அவரையே சேரும்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கடல் இங்கே ஏறத்தாழ 28 அடி உயரத்துக்கு எழும்பி உள்ளே வந்தது. 1969இல் கமீல் சூறாவளிக்குத் தாக்குப்பிடித்த வீடு இதற்கும் தாங்கும் என்று எண்ணி வெளியேற மறுத்தவர்கள் பலர். வேவ்லேண்ட், பாஸ் கிறிஸ்டியன் போன்ற சிற்றூர்கள் தரைமட்டமாயின; மாநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

முதல் சில வாரங்களில் பார்பர் நிதானம் இழக்காமல் நின்றார் என்பதை அவருடைய எதிர்க்கட்சியினரே மறுப்பதில்லை. அருகிலுள்ள லூசியானாவின் ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவோடு அவரை ஒப்பிட்டுப் பேசுவது இங்கே வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கரைகள் உடைந்து மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஒரு பெருநகரம் பார்பரின் பொறுப்பில் இருக்கவில்லை. அதோடு அவர் குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவராக இருந்தவர். வெள்ளை மாளிகையில் இருந்ததும் அவர் கட்சிதான். நாடாளுமன்ற மேலவையான செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த தாட் காக்ரன் மிசிசிப்பிக்காரர். சுமார் 550 கோடி டாலர் மத்திய மறுகட்டமைப்பு மானியம் இம்மாநிலத்துக்கு வந்து சேர்ந்ததில் இந்தச் செல்வாக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

வந்த பணத்தைப் பங்கிட்ட விதத்தில்தான் எனக்கு மனக்குறை. இங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு புயலில் காற்றால் வரும் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தரும், வெள்ளத்தால் வருவதற்குத் தராது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். சுவரும் கூரையும் போய் சிமெண்டுத் தளமும் நான்கு படிகளும் மட்டும் எஞ்சிய இடத்தில், வீட்டை முதலில் பெயர்த்தது காற்றா கடலா என்று யார் சாட்சி சொல்வது? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. வெள்ள அபாயப் பகுதி அல்ல என்று அரசு வரைபடமே சொன்னதை நம்பி வெள்ளக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு 1,50,000 டாலர் வரை மானியம் தரும் திட்டத்தைப் பார்பர் கொண்டுவந்தார். நல்ல திட்டம். ஆனால் அதன் முதல் விதிகளின்படி வீட்டுக் காப்பீடே இல்லாத ஏழைக்கு அதில் இடமில்லை, காற்றால் மட்டும் வீடிழந்தவருக்கும் இல்லை, வாடகைக்குக் குடியிருந்தவருக்கும் இல்லை. நம் ஊரில் பட்டா இல்லாதவன் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நிற்பதைப் போன்றதுதான் இது.

பிற்பாடு விதிகள் ஓரளவு தளர்த்தப்பட்டன. ஆயினும் வீட்டுவசதிக்கென ஒதுக்கியிருந்ததில் சுமார் 57 கோடி டாலரைக் கல்ஃப்போர்ட் துறைமுக விரிவாக்கத்துக்கு அவர் திருப்பினார். வேலைவாய்ப்பு இல்லாமல் ஊர் மீளாது என்பது அவர் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. மிதவைகளில் மட்டுமே நடக்கலாம் என்றிருந்த சூதாட்ட விடுதிகளைத் தேவாலயத்தாரின் எதிர்ப்பையும் மீறிக் கரையில் 800 அடி தூரத்துக்குள் கட்டிக்கொள்ள 2005 அக்டோபரிலேயே சட்டம் கொண்டுவந்ததும் இதே எண்ணத்தால்தான், அது பலனும் தந்தது. ஆனால் துறைமுகம் காத்திருந்திருக்கலாம், கூரையில்லாதவர்களால் காத்திருக்க முடியாது. குடிமை உரிமை அமைப்புகள் 2008இல் வழக்குத் தொடுத்து, 2010இல் சமரசம் ஏற்பட்ட பிறகே சுமார் 13 கோடி டாலர், விடுபட்டுப்போன வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. புயல் ஓய்ந்து அதற்குள் ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

மெச்சுவது தகும், ஆனால் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்து மெச்சுவது எளிது என்பதே உங்கள் கேள்விக்கு என் பதில். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் நிவாரணப் பணியில் இருந்தவர் நீங்கள். அங்கே வாடகைக்கு இருந்த குடும்பங்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். மற்றவை நேரில்.

அன்புடன்,
இராமநாதன்