தையல் மெஷின் சின்னத்துக்கு உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பென்னாகரம் தொகுதிச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று, ஓட்டு கேட்டு எந்தெந்த வாசலில் நின்றேனோ அந்தந்த வாசலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். மே 2 ஓட்டு எண்ணினார்கள். மே 10 முதல் கொரோனா ஊரடங்கு. பஸ் இல்லை, வந்தாலும் திண்ணையில் உட்காரவைக்க உங்களுக்கும் பயம், உட்கார எனக்கும் பயம். அதனால்தான் இந்த மடல்.

யார் பெயரையும் இதில் போடவில்லை. கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் "வேண்டாங்க்கா" என்றார்கள். கடை வைத்திருப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், சின்னச் சின்னதாகக் கான்ட்ராக்ட் எடுப்பவர் என்று எல்லோருக்கும் நாளைக்கு ஒரு கையெழுத்து, ஒரு சிபாரிசு தேவைப்படும். சுயேச்சைக்கு வேலை பார்த்தார் என்று தெரிந்தால் அந்தக் காரியம் இழுத்துக்கொண்டே போகும். சரி, சம்மதித்தவர்கள் பெயரை மட்டும் போடலாம் என்றால், விட்டுப்போனது யார் யார் என்று கண்டுபிடிக்க நம் ஊரில் ஆளா இல்லை? நீங்கள் செய்ததை எழுதுகிறேன். அதை வைத்து உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

முதல் நன்றி ஏரியூர்ப் பக்கத்து அக்காக்களுக்கு. பொதுப் பிரிவில் நிற்பவர் சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பங்கு உங்கள் சுருக்குப் பையிலிருந்து வந்தது. மகளிர் குழுப் பணத்தைத் தொடவில்லை, அவரவர் சொந்தக் காசு. அதில் கணிசமானது 10 ரூபாய் நாணயம். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் நம் பக்கத்துக் கடைக்காரர்கள் அதை வாங்க மாட்டார்கள். வீட்டில் தேங்கிக் கிடந்ததை மூட்டை கட்டிக் கொடுத்தீர்கள். நல்லவேளை, அரசாங்க ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள்! எண்ணி முடிக்கும்வரை அங்கிருந்த ஊழியர்கள் என்னைப் பார்த்த பார்வை மட்டும் மறக்காது.

அடுத்தது முன்மொழிந்த பத்துப் பேர். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், பாகம் எண், வரிசை எண் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரகசியமாக ஓட்டுப் போடுவது வேறு, இப்படி முன்மொழிவது வேறு. உங்கள் பெயர் காகிதத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் படிக்கிற இடத்துக்குப் போகிறது. கட்சிக் குடும்பத்தில் பெண் எடுத்தவர் கூட அதில் ஒருவர். அப்புறம் பெரும்பாலை ஆயா. கையெழுத்து வராது. கைநாட்டு வைத்தால் அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கொரோனா கெடுபிடியால் அப்போது வேட்பாளரோடு இரண்டு பேர்தான் உள்ளே போகலாம் என்று இருந்தது. அந்த இரண்டில் ஒன்று ஆயாவுக்கு என்று முதலிலேயே முடிவானது. "யாருக்குப் பாட்டி வைக்கிறீங்க?" என்று அதிகாரி கேட்டதற்கு, "தண்ணிக்கு" என்றார் ஆயா. அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக நான் எந்த மேடையிலும் பேசியதாக நினைவில்லை.

தர்மபுரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் வக்கீல் தம்பிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக் கூடக் காலியாக விடக் கூடாது, மனுவே தள்ளுபடியாகிவிடும். எனக்கு எழுத என்ன இருக்கிறது? "கார்: இல்லை. வீட்டுமனை: இல்லை. பங்குப் பத்திரம்: இல்லை." இத்தனை 'இல்லை'யையும் பொறுமையாக எழுதவைத்து, பீஸ் கேட்டபோது "அதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

சின்னம் வந்த பிறகுதான் உண்மையான ஓட்டம். கட்சிக்காரர்களுக்குச் சின்னம் வருஷக்கணக்காக ஊர்ச் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்கு வாபஸ் நாள் முடிந்து, மார்ச் 22 மாலைதான் கைக்கு வரும். ஏப்ரல் 4 மாலை ஏழு மணிக்குப் பிரசாரம் முடிய வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் தொகுதி முழுக்க ஒரு தையல் மெஷினைக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். தேர்தல் நேரத்தில் அச்சகங்களில் நிற்க இடம் இருக்காது. பெரிய ஆர்டர்களுக்கு நடுவே, ராத்திரி மெஷினைக் கழுவி நிறுத்துவதற்கு முன் எங்கள் நோட்டீஸை ஓட்டிக்கொடுத்தார் தர்மபுரி அச்சக அண்ணன். அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. தன் கடைப் பெயரை எங்கள் நோட்டீஸில் போடுவதற்கு அவர் யோசிக்கவே இல்லை. பேப்பர் விலைக்கு மேல் வாங்கவும் இல்லை.

இங்கேதான் கணக்கு எழுதிய தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த பெண். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு ரோஸ் தாள், வங்கிக்கு மஞ்சள் தாள் என்று ஒரு பதிவேடு கொடுப்பார்கள். பிரசாரக் காலத்தில் மூன்று முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதில் தொல்லை என்னவென்றால், சும்மா கிடைத்ததையும் விலை போட்டு எழுத வேண்டும். டீக்கு இவ்வளவு, நாற்காலிக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு என்று மாவட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டிய மாமா பையன் வாடகை வாங்கவில்லை, ஆனாலும் தினமும் வாடகை ஏறியது. அச்சக அண்ணன் விட்டுக்கொடுத்த தொகை நன்கொடையாக ஏறியது. நீங்கள் எல்லோரும் இலவசமாகச் செய்ததற்கெல்லாம் அரசாங்கக் கணக்கில் ஒரு விலை இருக்கிறது. அப்படியெல்லாம் ஏற்றியும் எங்கள் கணக்கு மெலிவாகத்தான் இருந்தது. ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று சட்டம் அனுமதித்த தொகை 30 லட்சத்து 80 ஆயிரம். பதிவேட்டைப் பார்த்த அலுவலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நடுவில் ஏதாவது பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று சந்தேகம் போல.

பறக்கும் படைக்காரர்களுக்கும் நன்றி. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் ரொக்கம் வைத்திருக்கிறோமா என்று எங்கள் ஆட்டோவை அடிக்கடி மறித்தார்கள். அவ்வளவு பணம் வைத்திருக்கக்கூடிய ஆள் என்று என்னை மதித்த ஒரே கூட்டம் அவர்கள்தான். சீட்டுக்கு அடியில் ராகி மாவும் நோட்டீஸ் கட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் பெரும்பாலும் கை காட்டி அனுப்பிவிடுவார்கள்.

எதற்கு நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டியதால்தான் பிள்ளைகளுக்குப் பல் காவி ஏறியது, பெரியவர்களுக்கு முட்டி மடங்கவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கடைக்கோடிக் குக்கிராமத்துக் குழாயில் என்றைக்கு வருகிறது, எத்தனை குடம் வருகிறது, வராத நாளில் ஜனங்கள் எதைக் குடிக்கிறார்கள்? இதைக் கேட்கத்தான் நின்றோம். கூடவே காவிரி உபரி நீரை நம் ஏரிகளுக்குக் கொண்டுவருவது. 2018 வெள்ளத்தில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் நம் கண்ணெதிரே ஓடியது, கரையில் இருக்கும் நம் ஏரிகள் காய்ந்து கிடந்தன. பல் காவி ஏறிய தன் பையனைக் கூட்டிவந்து, "இவனையே ஜனங்களுக்குக் காட்டுங்க" என்றார் நெருப்பூர் அண்ணன் ஒருவர். பையனுக்குக் கூச்சமாக இருந்தது, நான் காட்டவில்லை. ஆனால் அவர் கேட்டதை நான் மறக்கவில்லை.

கோட்டூர் மலைக்காரர்களே, உங்களுக்குத் தனியாக. சாலை இல்லாமல் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன ஊர் உங்களுடையது. மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தபோது ஒரு பெரியவர் களியும் கீரைச் சாறும் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஓட்டு உனக்குப் போட முடியாது கண்ணு. ரோடு போட்டுத் தர்றேன்னு ஒருத்தருக்குச் சொல்லிட்டோம். நீ நல்லாச் சாப்பிடு." இப்படி முகத்துக்கு நேரே சொன்னவர்களை நான் மதிக்கிறேன். ஆகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம். எனக்கு ஓட்டுப் போடாமலே சோறு போட்டவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், மைக் செட்டுக்கு கரண்ட் கொடுத்தவர்கள் இந்தத் தொகுதியில் நிறையப் பேர். எனக்கு விழுந்த ஓட்டையும் எனக்கு உதவிய கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கைகள்தான் அதிகம் இருக்கும். ஆகவே இந்த மடல் ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டும் எழுதியது இல்லை.

ஊட்டமலைப் பரிசல் ஓட்டும் அண்ணன்மார், சவாரி இல்லாத நேரத்தில் எங்களோடு நடந்தீர்கள். நாகமரையில் பண்ணவாடிக்குப் படகு ஏறக் காத்திருந்தவர்களிடம் நோட்டீஸ் கொடுத்த தம்பி, பாதிப் பேர் அந்தக் கரைக்காரர்கள், சேலம் மாவட்ட ஓட்டு என்று தெரிந்தும் "தண்ணி விஷயம் எல்லாருக்கும்தானே" என்று கொடுத்தாய். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் பையன்கள், உங்களுக்குத்தான் போன் பில்லில் அதிகக் கடன்பட்டிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு சைட்டிலும் நம் ஊர் ஆள் யார் என்று பட்டியல் எடுத்து, ராத்திரி சமைக்கும் நேரம் பார்த்து என்னைப் பேசவைத்தீர்கள். ஓட்டுக்கு ஊர் வர மற்றவர்களுக்கு வண்டி காத்திருந்தது. நீங்கள் ஒசூர் வழியாகச் சொந்தக் காசில் பஸ் மாறி மாறி வந்தீர்கள்.

ஏப்ரல் 6. எல்லா வாக்குச்சாவடிக்கும் ஏஜென்ட் போட எங்களுக்கு ஆள் ஏது? கொரோனாவால் சாவடிகள் வேறு கூடிவிட்டன. இருந்தவர்களை வைத்து முடிந்த இடத்தில் உட்கார்ந்தோம். விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவுக்கே போய், கடைசியில் 17சி படிவத்தில் பதிவான ஓட்டு எண்ணிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தீர்கள். கட்சி ஏஜென்ட்களுக்குச் சாப்பாடு, மோர், இளநீர் என்று நேரம் தவறாமல் வந்தது. நம் தங்கச்சி ஒருத்திக்குச் சாப்பாடு கொண்டுபோன வண்டி வழியில் நின்றுவிட, எதிர்த்தரப்பு ஏஜென்ட் தன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி கொடுத்திருக்கிறார். எந்தக் கட்சி என்று சொன்னால் அவருக்குக் கட்சியில் சிக்கல். சாம்பார் சாதம் நன்றாக இருந்ததாம்.

செட்டிக்கரை பொறியியல் கல்லூரியில் ஓட்டு எண்ணிக்கை. முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று இலக்கத்தில் நின்றுவிட்டோம். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்ப வரும், நாணய மூட்டை திரும்பி வரவில்லை. ஏரியூர் அக்காக்கள் இதற்காக என்னிடம் வருத்தப்பட வேண்டாம். 2010 மார்ச் இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வுக்கே டெபாசிட் போன தொகுதி இது.

தோற்றாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். முடிவு வந்த முப்பது நாளுக்குள் கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்யலாம். தோற்ற சுயேச்சைகள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ஊரடங்கில் பாஸ் வாங்கி, ரசீதுகளை நகல் எடுத்து, தேதிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள் நம் கணக்குத் தங்கச்சி. இவளுக்கு யாராவது ஒரு வேலை கொடுங்கள். ரோஸ் தாளில் ஒரு ரூபாய் கூட உதைக்கவில்லை.

வாக்காளர் பட்டியல் கட்சிக்காரர்களுக்கு இலவசம், சுயேச்சை காசு கொடுத்து வாங்க வேண்டும். நாங்கள் வாங்கியது வீட்டில் இருக்கிறது. எந்தச் சாவடியில் எத்தனை வீட்டுக்குக் குழாய் வரவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தும் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கிறவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. ஊரடங்கு தளர்ந்ததும் வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய பொருட்கள்: நீல நிறத் தார்ப்பாய், 'சி' என்று பெயின்டில் எழுதிய எவர்சில்வர் குண்டான், பிடி உடைந்த பிளாஸ்க், இடது கால் மட்டும் உள்ள ஒரு ஆண்கள் செருப்பு. குண்டானைக் கேட்டு இதுவரை மூன்று பேர் போன் செய்திருக்கிறார்கள். உண்மையான சொந்தக்காரர் 'சி' எழுதிய பெயின்ட் என்ன நிறம் என்று சொல்லிவிட்டு எடுத்துப்போகவும்.