ஒரு சதவீதம் எங்கிருந்து வரும்?

அன்புள்ள மகனுக்கு,

கிளினிக்குகளுக்கான முன்பதிவு மென்பொருள் பற்றி நீ அனுப்பிய வணிகத் திட்டத்தை முழுவதும் படித்தேன். கிளினிக்குகளில் நோயாளிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதை விவரிக்கும் முதல் இரண்டு பக்கங்கள் அருமை. யாருடைய சிரமத்தைத் தீர்க்கப் போகிறாய் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. அதில் கை வைக்காதே.

எனக்கு உதைத்தது வருமானக் கணக்கு. "மொத்தச் சந்தையில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்" என்று எழுதியிருக்கிறாய். வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் படித்தே காலம் கழித்தவள் நான். இப்படி ஒரு வரியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவேன். அந்த ஒரு சதவீதம் எப்படி வரும் என்று சொல்லவே இல்லையே! கீழிருந்து எண்ணிக்கொண்டு வா. ஒரு விற்பனையாளர் மாதத்தில் எத்தனை கிளினிக் ஏறி இறங்க முடியும்? அவர்களில் எத்தனை பேர் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பார்கள், எத்தனை பேர் பணம் கட்டுவார்கள்? சின்ன எண்தான் வரும். வரட்டும். அதை நம்பலாம்.

சேர்ந்தவர்கள் நிலைப்பார்களா என்பதையும் கணக்கில் எடு. மாதம் 5 சதவீதம் பேர் விலகுவது பெரிதாகத் தெரியாது. ஆனால் இன்று சேரும் 100 கிளினிக்குகளில் ஓராண்டு கழித்து 54தான் மிஞ்சும். சர்வர் வாடகை, குறுஞ்செய்திக் கட்டணம், போனில் உதவி செய்பவரின் சம்பளம் எல்லாம் போக ஒரு கிளினிக் உனக்கு எவ்வளவு தருகிறது? அதைப் பிடிக்க ஆன செலவு அதைவிட அதிகம் என்றால், வேகமாக வளர வளரப் பணமும் வேகமாகக் கரையும்.

"போட்டியாளர் இல்லை" என்ற பத்தியை எடுத்துவிடு, கண்ணா. வரவேற்பு மேசையில் கிடக்கும் நோட்டுப் புத்தகம்தான் உன் போட்டியாளர். அதற்குச் சந்தா இல்லை, மின்சாரம் வேண்டாம், யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. அதை மூடி வைத்துவிட்டு உன் மென்பொருளை ஏன் திறக்க வேண்டும்?

ஊகித்தவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும் தனித்தனியாக எழுது. இணையத்தில் மளிகை விற்ற வெப்வான், தேவை எவ்வளவு என்று தெரியும் முன்பே பெரும் செலவில் தானியங்கிக் கிடங்குகளைக் கட்டியது. 1999-ல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் 2001-ல் திவாலானது. உன் திட்டத்தில் அந்தக் கிடங்குக்குச் சமமானது எது தெரியுமா? வரவேற்பில் இருப்பவர் ஒவ்வொரு முன்பதிவையும் தவறாமல் பதிவார் என்ற ஊகம். அது பொய்த்தால் மீதி எதுவும் நிற்காது. ஆள் சேர்க்கும் முன், மென்பொருளை எழுதத் தொடங்கும் முன், ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்து பார்.

கையிருப்பை மாதச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று முதல் பக்கத்திலேயே போடு. முதலீடு கைக்கு வரப் பல மாதங்கள் இழுக்கும். பணம் தீரும் தறுவாயில் தேடப் போனால் பேரம் பேச வலு இருக்காது. கூட்டாளியின் பங்கு நான்கு ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் ஆண்டுக்குள் விலகினால் எதுவும் கிடையாது என்றும் எழுதி வையுங்கள். பலரும் பின்பற்றும் ஏற்பாடுதான். நெருங்கிய நண்பன் என்பதாலேயே இப்போதே பேசிவிடு.

திருத்திய கணக்கை எக்செல் கோப்பாகவே அனுப்பு, பிடிஎஃப் வேண்டாம். விலகல் சதவீதத்தை 8 ஆக்கிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா