சோதனை ஓட்டத்தின் நேரப் பட்டியலும் மறைந்து கிடக்கும் எடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா 1 கார் பந்தயப் பருவம் தொடங்குமுன் நடக்கும் சோதனை ஓட்டங்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கம் ஆண்டுதோறும் ஒரு பட்டியலை வெளியிடுகிறது. ஓட்டுநர், அணி, அவரது மிகக் குறைந்த சுற்று நேரம் ஆகிய மூன்று விவரங்களுக்கு மேல் அதில் எதுவும் இருப்பதில்லை. ஆனால் முதலிடத்தில் உள்ள அணிக்கே பட்டம் என்ற தொனியில் தலைப்பு மட்டும் பெரிதாக இருக்கிறது. பீனியா தொழிற்பேட்டையில் இயந்திரப் பாகங்களின் தரப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எந்த நிலையில் அளந்தார்கள் என்று குறிப்பிடாத அளவை அங்கே யாரும் ஏற்றுக் கையொப்பமிட மாட்டோம்.

முதலில் எரிபொருளைச் சொல்ல வேண்டும். 2019 முதல் சில பருவங்கள் ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ வரை எரிபொருள் பயன்படுத்தலாம் என்று விதி இருந்தது. பார்சிலோனா போன்ற தடத்தில் 10 கிலோ எரிபொருளின் எடை ஒரு சுற்றின் நேரத்தை ஏறத்தாழ 0.3 விநாடி கூட்டும். அப்படியானால் 50 கிலோ கூடுதலாகச் சுமந்து ஓடும் கார் பட்டியலில் ஒன்றரை விநாடி பின்தங்கித் தெரியும். முன்னணி அணிக்கும் நடுவரிசை அணிக்கும் உண்மையில் இருக்கும் இடைவெளியே பல வேளைகளில் இதைவிடக் குறைவு. தொட்டியில் எவ்வளவு இருந்தது என்பதை எந்த அணியும் வெளியிடுவதில்லை. மென்மையான டயரா கடினமான டயரா, பஹ்ரைனின் நண்பகல் வெயிலா அல்லது விளக்கொளியில் குளிர்ந்த தடமா என்பவையும் நேரத்தை மாற்றும்.

2019 பார்சிலோனா சோதனைகளின் முடிவில் ஃபெராரியின் வெட்டல் 1 நிமிடம் 16.221 விநாடியிலும், மெர்சிடிஸின் ஹாமில்டன் 1 நிமிடம் 16.224 விநாடியிலும் தம் சிறந்த சுற்றை முடித்தனர். ஃபெராரியே முந்தும் என்ற பேச்சை நம்பி, அல்சூரில் நாங்கள் கூடும் தேநீர்க் கடையில் நானும் ஒரு பிரியாணியைப் பந்தயம் கட்டினேன். பருவத்தின் முதல் பந்தயமான மெல்போர்னில் மெர்சிடிஸின் போட்டாஸ் வென்றார். வெட்டல் 57 விநாடி பின்தங்கி நான்காவதாக வந்தார். அந்தப் பருவத்தின் முதல் ஐந்து பந்தயங்களிலும் முதலிரு இடங்கள் மெர்சிடிஸுக்கே கிடைத்தன.

பட்டியலை நம்பாமல் இருப்பதும் எளிதன்று. 2001 குளிர்காலச் சோதனைகளில் புரோஸ்ட் அணியின் கார் வியக்கத்தக்க நேரங்களைப் பதிவு செய்தது. பருவம் முடிந்தபோது அந்த அணி பெற்றிருந்தவை 4 புள்ளிகளே. விளம்பரதாரர்களைக் கவரவே எடை குறைத்து ஓட்டினார்கள் என்று பரவலாகப் பேசப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, ஹோண்டா கைவிட்ட அணியை அதன் தலைவராக இருந்த ராஸ் பிரான் ஏற்று, விளம்பரம் ஏதுமற்றது போன்ற வெள்ளை நிறக் காரை 2009 மார்ச்சில் பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்தபோது, அதன் வேகத்தையும் அதே சந்தேகத்துடன் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் காரில் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார்; பருவ முடிவில் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் பிரான் அணிக்கே வந்தன. ஒரே மாதிரியான இரு பட்டியல்களில் ஒன்று ஏமாற்றியது, மற்றது உண்மையைச் சொன்னது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை.

வழி இருப்பது நீண்ட ஓட்டங்களில்தான். 2010 முதல் பந்தயத்தின் இடையே எரிபொருள் நிரப்பத் தடை உள்ளது. ஆகவே ஒரு அணி முழுப் பந்தயத்தையும் ஒத்திகை பார்க்க விரும்பினால், இடையில் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு, பஹ்ரைனின் 57 சுற்றுகளுக்குத் தேவையான எரிபொருள் முழுவதையும் தொடக்கத்திலேயே சுமந்தாக வேண்டும். எடையை மறைக்க அங்கே இடமில்லை. டயர் தேயத் தேய நேரம் எப்படி ஏறுகிறது என்பதும் அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2025 பஹ்ரைன் சோதனையில் பட்டியலின் உச்சியில் இருந்தவர் வில்லியம்ஸின் சாய்ன்ஸ். கவனித்தவர்களை அசர வைத்ததோ மெக்லாரனில் நாரிஸ் ஓடிய நீண்ட ஓட்டம். ஆண்டின் முடிவில் அணிப் பட்டம் மெக்லாரனுக்கும் ஓட்டுநர் பட்டம் நாரிஸுக்கும் சென்றன.

சுற்றுகளின் எண்ணிக்கையும் முக்கியமானது, ஆனால் அதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். 2014இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் நடந்த சோதனையில் ரெட் புல் அணி நான்கு நாட்களில் 21 சுற்றுகளே ஓடியது. இருந்தும் அந்த ஆண்டு மெர்சிடிஸ் விட்டுவைத்த மூன்று பந்தயங்களையும் ரெட் புல்லின் ரிக்கார்டோதான் வென்றார். மறுபுறம், சோதனையே இல்லாமல் வந்தவர்களின் கதி நமக்குத் தெரியும். நம் சென்னையின் கருண் சந்தோக் 2010இல் தம் எச்ஆர்டி அணியின் காரை முதன்முதலாக ஓட்டியதே பஹ்ரைன் தகுதிச்சுற்றில்தான். மறு ஆண்டு கோவையின் நரேன் கார்த்திகேயன் அதே அணியின் புதிய காருடன் மெல்போர்னில் தகுதிச்சுற்றின் மிக வேகமான நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் சுற்றை முடிக்க வேண்டும் என்ற விதியைத் தாண்ட முடியாமல் பந்தயத்தையே இழந்தார்.

எனவே அடுத்த முறை பட்டியலை வெளியிடுகையில், ஒவ்வொரு நேரத்துக்கும் அருகே எந்த டயர், எந்தப் பொழுது, அன்று மொத்தம் எத்தனை சுற்று, இடைவிடாமல் ஓடிய நீண்ட ஓட்டம் எவ்வளவு என்ற விவரங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் இடம் போதாதென்றால் முதலிடம் பிடித்தவரின் புகைப்படத்தைச் சற்றுச் சிறிதாக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு