ஆட்டா விலையும் மஞ்சள் துருவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆட்டா மாவு விலை ஏறினால் கப்பல் கட்டணத்தையும் போரையும் பேசுகிறோம். வயலை யாரும் பேசுவதில்லை. சிங்கப்பூரில் கோதுமை விளைவதில்லை, நமக்கெதற்கு என்ற எண்ணம் போலும்.

வட இந்தியாவில் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கும் குளிர்காலக் கோதுமைக்கு மஞ்சள் துரு என்ற பூஞ்சண நோய்தான் பெரிய தலைவலி. இலையில் நரம்பு வாக்கில் வரிவரியாக மஞ்சள் பொடி படியும். வயலுக்குள் நடந்தால் கால்சட்டையில் அப்பிக்கொள்ளும். திட்டாகத் தெரியும்போதே புரோபிகோனசோல் என்ற பூஞ்சணக்கொல்லி மருந்தைத் தெளித்தால் அடங்கும். கதிருக்குக் கீழுள்ள கண்ணாடி இலைவரை ஏறவிட்டால் மணி சுருங்கிவிடும். மணிக்குப் பால் ஏற்றுவதில் அந்த இலைக்கே பெரும்பங்கு. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினாலும் வம்புதான்: பயிர் கொழுத்துச் சாயும், நோயும் எளிதில் பற்றும். அடியுரம் போக, விதைத்த சுமார் 21ஆம் நாளில் பாய்ச்சும் முதல் தண்ணீரையொட்டி ஒரு பங்கு தருவது நல்லது.

மருந்தைவிட, நோயைத் தாங்கும் ரகத்துக்கு மாறுவதே மேல் என்பேன். ஆனால் பூஞ்சணமும் சும்மா இருக்காது, தன்னை மாற்றிக்கொள்ளும்! பஞ்சாபில் கொடிகட்டிப் பறந்த எச்டி 2967 என்ற கோதுமை ரகம் துருவைத் தாங்கும் என்றார்கள். பிறகு அதுவே நோய்க்கு இரையானது.

2022 மார்ச் வெயிலில் விளைச்சல் குறைந்தது. மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. சில மாதங்களில் மாவுக்கும் கட்டுப்பாடு வந்தது. பிப்ரவரி, மார்ச்சில் பஞ்சாப், அரியானா பயிர் நிலவரத்தைத் தங்கள் இதழ் இரண்டு வரி வெளியிட்டால், தேக்காவில் சப்பாத்திக் கடை நடத்துவோர் முன்கூட்டியே சரக்கு எடுக்க உதவும்.

வாசகர், பொங்கோல்