விதிப்புத்தகத்தில் ‘அவன்’ என்றால் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரிக்கெட் செய்திகளில் மட்டை பிடிப்பவரைக் குறிக்கும் ‘பேட்ஸ்மேன்’ போய், ஆண், பெண் இருவருக்கும் பொதுவான ‘பேட்டர்’ வந்துவிட்டதே என்று குறைப்பட்டு உங்கள் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். காதுக்குப் பழகிய சொல்லை மாற்றினால் ஆட்டமா மாறிவிடும் என்று கேட்டிருந்தார். நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகு, அம்பயர் தேர்வு எழுத வருகிறவர்களுக்கு விதி வகுப்பு எடுத்துவருகிறேன். ஆட்டம் மாறாதுதான். ஆனால் விதியைப் படிக்கிறவர் அதைச் சரியாகப் புரிந்துகொள்வாரா என்பது சொல்லைப் பொறுத்து மாறும். அந்த வாசகர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது ஏதோ ஒரே நாளில் அவசரப்பட்டுச் செய்த மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கிரிக்கெட் விதிகளை எழுதுவது லண்டனில் உள்ள எம்.சி.சி. என்ற கிரிக்கெட் கிளப். அதன் 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஆண்பாலில் எழுதியிருப்பது சுருக்கத்துக்காக மட்டுமே, விதிகள் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று ஒரு குறிப்பு இருந்தது. 2017 தொகுப்பில் ‘ஹீ’ இருந்த இடமெல்லாம் ‘ஹீ/ஷீ’ ஆனது. ‘பேட்ஸ்மேன்’ மட்டும் தங்கிவிட்டது. சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி.யிடமும் பெண்கள் கிரிக்கெட்டின் முக்கியமானவர்களிடமும் கலந்து பேசித்தான் அப்போது அதை விட்டுவைத்தார்கள். அதே ஆண்டு பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு லார்ட்ஸ் மைதானம் நிரம்பியது. 2020 மார்ச் 8 அன்று மெல்பர்னில் நடந்த பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதிக்கு 86,174 பேர் வந்தார்கள். 2021 செப்டம்பரில்தான் ‘பேட்டர்’ விதிக்குள் வந்தது. பௌலரும் ஃபீல்டரும் முன்பிருந்தே எல்லோருக்கும் பொதுவான சொற்கள்தானே. மட்டை பிடித்தவரை மட்டும் ஆணாக எழுதிக்கொண்டிருந்தோம்.

இனி தேர்வுக்கு வருகிறேன். எனக்கு மனம் வருத்தப்படுவது அங்கேதான். ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த தமிழ் வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: “பேட்ஸ்மேன் பந்தை அடித்துவிட்டு ஓடுகிறான். எதிர்முனையில் நிற்பவனும் ஓடுகிறான். ஃபீல்டர் எறிந்த பந்து ஸ்டம்பைத் தகர்க்கும்போது அவன் கிரீஸுக்கு வெளியே இருக்கிறான். யார் அவுட்?” கிரீஸ் என்பது ஸ்டம்புக்கு முன்னால் உள்ள கோடு. அந்த ‘அவன்’ யார்? அடித்தவனா, எதிர்முனையில் இருந்து ஓடி வந்தவனா? எந்த முனை ஸ்டம்ப்? இருவரும் ஒருவரையொருவர் கடந்துவிட்டார்களா? விதி தெரிந்தவர்தான் இந்தக் கேள்வியில் தடுமாறுவார். விதி தெரியாதவர் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த அறையில் தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர் பெண்கள். தாளில் வருகிற ஸ்ட்ரைக்கர் (பந்தை எதிர்கொள்பவர்), பௌலர், கீப்பர், ஏன் அம்பயர்கூட ‘அவன்’தான்.

எதிர்முனையில் நிற்பவருக்கு நான்-ஸ்ட்ரைக்கர் என்று பெயர். அதை வைத்து இதையே இப்படி எழுதலாம்: “ஸ்ட்ரைக்கரும் நான்-ஸ்ட்ரைக்கரும் ஓடும்போது ஒருவரையொருவர் கடந்துவிட்டார்கள். இருவரும் கிரீஸுக்கு வெளியே இருக்கையில் பௌலர் முனை ஸ்டம்ப் தகர்க்கப்படுகிறது. யார் அவுட்?” கடந்துவிட்டதால் அந்த முனைக்கு அருகில் இருப்பவர் ஸ்ட்ரைக்கர், அதனால் அவரே அவுட். கேள்வியில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, குழப்பமும் இல்லை. பால் சாராமல் எழுதுவதும் தெளிவாக எழுதுவதும் பல இடங்களில் ஒரே வேலைதான். பிரதிப்பெயரை எடுத்துவிட்டு, களத்தில் அவர் என்னவாக நிற்கிறாரோ அந்தப் பெயரைத் திரும்ப எழுதினால் இரண்டும் சேர்ந்தே நடந்துவிடும்.

எம்.சி.சி.யின் ‘ஹீ/ஷீ’ எனக்கு முழுத் திருப்தி தராததும் இதனால்தான். 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் இந்தியாவின் தீப்தி சர்மா, பந்து வீச வந்தவர் வீசாமல் நின்று, கிரீஸை விட்டு வெளியே போயிருந்த இங்கிலாந்தின் சார்லி டீனை நான்-ஸ்ட்ரைக்கர் முனையில் ரன் அவுட் செய்தார். இந்தியா 16 ரன்னில் வென்றது. அன்றைக்கு உலகமே அந்த விதியைத் தேடிப் படித்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 முதல், அது முறையற்ற ஆட்டம் பற்றிய 41-ஆம் விதியிலிருந்து ரன் அவுட் பற்றிய 38-ஆம் விதிக்கு மாற்றப்பட்டது. மாற்றம் சரியானதே. ஆனால் அந்த வாசகத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். ‘ஹீ/ஷீ’, ‘ஹிஸ்/ஹர்’ என்று சாய்கோடுகள் வந்துகொண்டே இருக்கும். நான்-ஸ்ட்ரைக்கர், பௌலர் என்று இரண்டு பேர் இருக்கிற வாக்கியம் அது. சத்தமாக வாசிக்கச் சொன்னால் நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளே நடுவில் நிறுத்தி, யாருடைய விக்கெட் என்று கேட்கிறார்கள். ‘நான்-ஸ்ட்ரைக்கர்’ என்றே மறுபடி எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கால்பந்தில் இதை இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். ‘லைன்ஸ்மேன்’ 1996-லேயே ‘அசிஸ்டென்ட் ரெஃபரி’ ஆகிவிட்டார். 2016-இல் விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதியபோது, ஆண்பால் சொற்களை நீக்கியதோடு தேவையில்லாத வார்த்தைகளையும் வெட்டிப் புத்தகத்தையே சிறியதாக்கினார்கள். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் கோஸ்டாரிகா–ஜெர்மனி ஆட்டத்தில் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் விசில் ஊதினார். ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்தை ஒரு பெண் நடத்தியது அதுவே முதல் முறை. இரு பக்கக் கோட்டிலும் கொடி பிடித்து நின்ற நியூசா பேக், கரென் டியாஸ் இருவரும் பெண்கள். அவர்களை ‘லைன்ஸ்மேன்’ என்று எப்படி எழுதுவது?

இன்னொரு காரணமும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி உண்மையிலேயே வேறுபடுகிற இடங்கள் இருக்கின்றன. கபடியில் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர் ஆடுகளம், பெண்களுக்கு 12-க்கு 8. வாலிபால் வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கிரிக்கெட் பந்து ஆண்களுக்கு 156 முதல் 163 கிராம் வரை, பெண்களுக்கு 140 முதல் 151 வரை. புத்தகம் முழுக்க ஆண்பாலில் இருந்தால், ஓரிடத்தில் ‘ஆண்கள்’ என்று வரும்போது அது எல்லோருக்குமா, ஆண்களுக்கு மட்டுமா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? மற்ற இடங்களில் பொதுச்சொல் இருந்தால்தான் இந்த இடங்கள் எடுப்பாகத் தெரியும்.

தமிழில் ‘அவர்’ இருக்கிறதே, நமக்கென்ன கவலை என்று சிலர் சொல்கிறார்கள். ‘அவர்’ மரியாதைக்கும் பொதுமைக்கும் நல்ல சொல்தான், ஆனால் இரண்டு பேர் ஓடுகிற வாக்கியத்தில் அதுவும் அதே குழப்பத்தைத்தான் தரும். தவிர, நாம் எழுதுகிற தாள்களில் ‘அவர்’ எங்கே இருக்கிறது? ‘ரெய்டர் பாடிப் போகிறான்’, ‘பௌலர் வீசுகிறான்’ என்றுதானே எழுதிப் பழகியிருக்கிறோம். பேசும்போது அப்படி வருவதை நான் குறை சொல்லவில்லை. தேர்வுத்தாள் பேச்சு இல்லையே.

சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அம்பயர் ஆனவர். 2023 ஜனவரியில் அவரும் விருந்தா ரதியும் காயத்ரி வேணுகோபாலனும் ஆண்களின் உள்நாட்டுத் தொடரான ரஞ்சி டிராபியில் நடுவர்களாக இறங்கினார்கள். ரஞ்சியில் பெண்கள் களநடுவர்களாக நின்றது அதுதான் முதல் முறை. அவர்களைப் பார்த்து என் வகுப்புக்கு வருகிற பெண்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம், ‘அவன் என்றால் உன்னையும் சேர்த்துத்தான் அம்மா’ என்று ஒவ்வொரு பாடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

வினாத்தாள் தயாரிக்கிற மாவட்டச் சங்கங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. பழைய தாளை எடுத்து, ‘அவன்’ வருகிற இடத்தில் எல்லாம் ஸ்ட்ரைக்கர், கீப்பர், ரெய்டர் என்று உரிய பெயரைப் போட்டு, விதி தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ‘யாரு?’ என்று கேட்காமல் படித்து முடித்தால் தாள் தயார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெண்கள் ஆட்டம் என்றால் ‘ஆட்ட நாயகி’, ஆண்கள் ஆட்டம் என்றால் ‘ஆட்ட நாயகன்’ என்று போடுகிறீர்கள், சரி, அது பாராட்டு, இருக்கட்டும். ஆனால் விதியை விளக்கிப் பெட்டிச் செய்தி போடும்போதாவது ‘பேட்ஸ்மேன்’ வேண்டாம். என் வகுப்பில் பலர் உங்கள் பெட்டிச் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துத்தான் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.