இரவிகுளம் பூட்டியிருக்கும் மாதத்தில் வரையாடு டூர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
பொருள்: மூணாறு மூன்று நாள் சுற்றுலா, இரண்டாம் நாள் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

பிப்ரவரி இரண்டாம் வாரம் உங்கள் நிறுவனம் மூலம் மதுரையிலிருந்து மூணாறு போய் வந்தோம். நான்கு பேருக்கு 38,000 ரூபாய். ரூம், சாப்பாடு, வண்டி எதிலும் குறையில்லை.

இரண்டாம் நாள் நிரலில் 'இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு' என்று போட்டிருந்தீர்கள். இந்த டூரையே அதற்காகத்தான் எடுத்தோம். என் அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு என்று எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. முட்டி வலியோடு, ஸ்வெட்டர் குல்லா சகிதம் காலை ஏழு மணிக்கே தயாராகிவிட்டார்.

போனால் கேட் பூட்டியிருக்கிறது. "மேலே மூடுபனி, இன்னைக்கு விடமாட்டாங்க" என்றார் உங்கள் டிரைவர். சரி, மலை என்றால் பனி இருக்கும்தானே என்று நம்பிவிட்டோம். அப்புறம் டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். வரையாடு குட்டி போடும் காலம், ஏப்ரலில்தான் திறப்பார்களாம்.

பூங்காவை மூடியதில் எனக்கு வருத்தமே இல்லை, குட்டிகள் நல்லபடியாகப் பிழைக்கட்டும். ஆனால் கேரள வனத்துறை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி இப்படி மூடுவது மூணாறுக்கு வண்டி விடும் உங்களுக்குத் தெரியாதா? பணம் கட்டும் முன் போனில் கேட்டேன். "ராஜமலையில ரோட்டோரமே மேயும் சார், கவலையே வேண்டாம்" என்றார் உங்கள் ஊழியர். ராஜமலை என்பது அதே பூங்காவில் பயணிகளை விடும் பகுதி. அங்கே மேயும்தான், பொய்யில்லை. அதைப் பார்க்க எங்களை உள்ளே விட வேண்டுமே!

திறந்திருந்த பூங்காவில் பனி மறைத்து ஆடு கண்ணில் படாமல் போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். பூட்டிய கேட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு, பழியைப் பனிமேல் போட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. பதிலுக்கு மாட்டுப்பட்டி அணைக்குக் கூட்டிப்போய், படகுக்குத் தனியாக 1,200 ரூபாய் வேறு வாங்கினார்கள். (உங்கள் விளம்பரத்தில் மலை முழுக்க நீலக்குறிஞ்சி. அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, அங்கே கடைசியாகப் பூத்தது 2018இல்.)

இரண்டாம் நாள் கட்டணத்தையும் படகுப் பணத்தையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். பூங்கா மூடியிருக்கும் நாட்களுக்கு இந்த டூரை விற்பதையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதும் நிரலும் இணைத்திருக்கிறேன். பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

ஏப்ரலில் அம்மாவை நானே பஸ்ஸில் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்