கடல் தொட்டி வையுங்கள், பவளம் மட்டும் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வரவேற்பறையில் பெரிய கடல் மீன் தொட்டி அமைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேலம் அம்மாபேட்டையில் அப்பா ஆரம்பித்த கண்ணாடிக் கடையை இப்போது நானும் தம்பியும் நடத்துகிறோம். ஜன்னல், ஷோகேஸ் வேலையோடு மீன் தொட்டி ஒட்டுவதும் எங்கள் தொழில். கடையிலேயே ஒரு கடல் தொட்டியும் வைத்திருக்கிறோம். கட்டுரை வந்த சில நாளிலேயே அந்தப் படத்தைப் போனில் காட்டி, "அக்கா, இதே மாதிரி ஆறடி வேணும், பவளமும் இதே மாதிரி உயிரோட வேணும்" என்று கேட்டு ஒருவர் வந்தார். அவருக்குச் சொன்னதை உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொட்டி வைக்கலாம். பவளம் கூடாது. பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை அது. கடல் விசிறி என்கிற விசிறி வடிவப் பவளமும் அதே ஆண்டில் சேர்ந்தது. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிருள்ள பவளத்துக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம் போய்விட்டு வரும்போது ஷோகேஸில் வைக்க வாங்கி வருகிற செத்த வெள்ளைப் பவளத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் கட்டுரையில் பவளத்தின் நிறமும் விலையும் இருந்தன, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இது வெளிநாட்டுச் சரக்கு, இதுக்குச் சட்டம் கிடையாது" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அட்டவணையில் இன்ன நாட்டுப் பவளம் என்று பிரித்து எழுதவில்லை, கல் பவளம் எல்லாமே என்றுதான் இருக்கிறது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பேச்சை நம்பிப் பெருந்தொகை கொடுத்துப் பவளம் வாங்கி வைத்தார்கள். சித்திரை வெயிலில் ஒரு வாரம், தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் பழுதானது. பழுப்பும் பச்சையுமாக இருந்தது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. பவளத்தின் சதைக்குள் இருந்துகொண்டு அதற்குச் சோறு போடுவது நுண்ணிய பாசிதான். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அதுவே சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. கடலே தாங்காததைச் சேலத்து ஹாலில் வைத்துக் காப்பாற்றுவேன் என்பது வீண் பிடிவாதம்.

அந்தக் கடல் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் தூத்துக்குடிப் பக்கம் எத்தனையோ காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. வான் தீவு கரைந்துகொண்டே வந்ததால் அதன் முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். கையில் ஏந்துகிற ஒரு துண்டை உளி வைத்துப் பெயர்த்தால், ஒரு குழந்தை வளர்ந்து ஆளாகிற காலம் போய்விடும் அது திரும்ப வர.

இனி தொட்டி விஷயம். இங்கேதான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர், மேலே இடம் விட்டால் 600 லிட்டர். 12 மில்லிமீட்டர் கனக் கண்ணாடி போட்டால் கண்ணாடியே 120 கிலோவைத் தாண்டும். அதோடு கல், மணல், கீழே வடிகட்டித் தொட்டி, ஸ்டாண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் வந்து பன்னிரண்டு சதுர அடியில் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கும். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்று கணக்கிட்டுத்தான் கம்பி கட்டுகிறார்கள். இந்தத் தொட்டி அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். தரைத்தளம் என்றால் கவலை இல்லை. மாடி என்றால் சுவரை ஒட்டி, பீமுக்குக் குறுக்கே நீளவாக்கில் வைக்க வேண்டும், அதையும் கட்டட இன்ஜினியர் வந்து பார்த்துச் சொன்ன பிறகு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மரக்கட்டையின் மேல் செங்கல் அடுக்கிய அந்தத் தளத்தில் இவ்வளவு பெரிய தொட்டியை வைக்க நாங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை, யார் என்ன சொன்னாலும்.

சிலிக்கான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கு என்று விற்பதில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். மீன் தொட்டிக்கு அது விஷம். காடி வாசனை வருகிற, மருந்து எதுவும் சேர்க்காத சிலிக்கான்தான் போட வேண்டும். அந்த வாசனை முழுதாகப் போகும் வரை தண்ணீர் நிரப்பக் கூடாது. ஸ்டாண்டு இரும்பென்றால் மூலை முடுக்கெல்லாம் எபாக்சி பெயிண்ட் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் தெறித்துக் காய்கிற இடத்தில் உப்புப் பூக்கும், பூத்த இடத்தில் துரு பிடிக்கும். சாதாரண ஸ்டெயின்லெஸ் திருகுகூடப் புள்ளி புள்ளியாய் அரித்துப்போகும். பித்தளை வால்வு, செம்புக் குழாய் எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது. இறாலும் நண்டும் நத்தையும் செம்பு துளி கரைந்தாலும் செத்துவிடும்.

ஏற்காட்டுக்கு ஒட்டி முடித்த தொட்டியை வண்டியில் ஏற்றுவது கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கினால் எந்த ஒட்டும் தாங்காது. கண்ணாடியைப் பலகை பலகையாகக் கொண்டுபோய் அங்கேயே ஒட்டுவோம். மலையில் வெயில் பிரச்சினை இல்லை, ஆனால் மார்கழி தையில் ஹீட்டர் வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜனும் ஆறில் ஒரு பங்கு குறையும். கீழே சேலத்தில் விடுகிற அளவு மீனை அங்கே விடக் கூடாது.

உப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வி: "வேதாரண்யம் கல் உப்பைக் கரைச்சா ஆகாதா?" ஆகாது. உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடும், பிறகு சோற்று உப்பு உறையும், மெக்னீசியம் கடைசிக் கசப்புத் தண்ணீரிலேயே தங்கி வெளியே போய்விடும். கடைக்கு வருகிற உப்பு கடலின் ஒரு பகுதிதான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதில் மெக்னீசியம் சுமார் 1,300 மில்லி கிராம், கால்சியம் 400க்குச் சற்று மேல். இந்த விகிதத்தில் கலந்து பையில் வருகிற கடல் உப்பைத்தான் வாங்க வேண்டும். 600 லிட்டருக்கு 21 கிலோ. அதன் பிறகு வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோவுக்கு மேல்.

கரைக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரில் மீட்டரை வைத்தால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, ஆயிரத்தைத் தாண்டுகிறது. மேட்டூர்த் தண்ணீர் எவ்வளவோ நல்லது, ஆனாலும் குளோரின் இருக்கும். ஆர்ஓ வடிகட்டியில் விட்டு, அதற்கு மேல் மிஞ்சிய உப்பையும் உறிஞ்சுகிற டிஐ ரெசின் வழியாகவும் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் சரி. இதில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் அதைச் சாக்கடையில் விடுவது எனக்குப் பொறுக்காது. தொட்டி வாங்குகிறவர்களிடம் முதலில் ஒரு டிரம் வாங்கச் சொல்லிவிடுவேன். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அந்தத் தண்ணீர் தாராளம். கோடையில் தொட்டியில் இருந்து ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. இதைத் தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியைக் கெடுத்தவர்கள் பலர்.

சேலத்தில் சில்லர் இல்லாமல் கடல் தொட்டி இல்லை. 26 டிகிரியில் நிற்க வேண்டும். சில்லரை ஹாலுக்குள் வைத்தால் அது கக்குகிற சூடு ஹாலிலேயே சுற்றும், எனவே பால்கனியில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் முதலில் சூடு கொல்லாது, மூச்சுதான் நிற்கும். இன்வெர்ட்டரில் சில்லரை மாட்டாமல், சில வாட் மட்டும் இழுத்துத் தண்ணீரைச் சுழற்றுகிற அலை மோட்டாரை மாட்டினால் பேட்டரி இரவு முழுவதும் தாங்கும்.

பவளப் பாறை இல்லையென்றால் கல்லுக்கு என்ன செய்வது? சுட்ட செராமிக் கல் போதும். சிமென்ட்டோடு சிப்பித்தூள் கலந்து வார்த்த கல்லும் போதும், ஆனால் அதை மாதக்கணக்கில் தண்ணீரில் போட்டு, மாற்றி மாற்றிக் காரம் இறக்கிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அந்தக் கல்லின் துளைகளில் பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். அம்மோனியா டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டால் பச்சையாக இருக்கிற குழாய் என்றைக்கு மஞ்சளிலேயே நிற்கிறதோ, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிறதோ, அன்றைக்குத்தான் முதல் மீன். கிரகப்பிரவேச நாளுக்குள் மீன் ஓட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். அந்த அவசரத்துக்குப் பலியாவது மீன். கீழ்த்தொட்டியில் நூல் நூலாய் வளரும் பச்சைக் கடல்பாசியைப் போட்டு விளக்கு வைத்தால் மிஞ்சிய நைட்ரேட்டை அது தின்றுவிடும்.

இப்போது மீன். பளிச்சென்ற நிறத்தில் விற்கிற கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு கரைசலைப் பவளத்துக்குள் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிற வழக்கம் உண்டு. மீன் வந்துவிடும், பவளம் அங்கேயே சாகும். அப்படிப் பிடித்த மீனும் பல நேரம் வாங்கின வீட்டில் சில வாரம்கூடத் தாங்காது. ஆனால் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீனுக்கு இந்த வழி தேவையே இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கின்றன. கடலில் அது அண்டி வாழ்கிற கடல் சாமந்தியும் (அனிமோன்) தொட்டியில் கட்டாயம் இல்லை.

எங்கள் கடைத் தொட்டியில் பண்ணைக் கிளவுன் ஜோடி ஒன்று இருக்கிறது. எல்லாக் குஞ்சும் ஆணாகவே பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது ஒரு கூரை ஓட்டுத் துண்டின் உள்பக்கத்தில் முட்டை வைக்கும். ஆரஞ்சு நிறத்தில் நெருக்கமாய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் மீன் பக்கத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், வெளுத்துப்போன முட்டையை மட்டும் வாயால் கவ்வி எடுத்துவிடும். நாளாக ஆக ஆரஞ்சு மங்கி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளியாய் இரண்டு கண் தெரியும். ஏழெட்டு நாளில், விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் பொரிக்கும். கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க, அம்மாபேட்டைப் பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இதைப் பார்க்கிறார்கள். அந்தத் தொட்டியில் ஒரு துண்டு பவளம் கிடையாது.

எனக்கு இரண்டு கோரிக்கை. சென்னை கொளத்தூரில் இருந்து ராத்திரி பஸ்ஸில் ஆக்சிஜன் பையில் வந்து இறங்குகிற கடல் மீன் எங்கே பிறந்தது என்று இங்கே யாரும் கேட்பதில்லை, பில்லிலும் எழுதுவதில்லை. பண்ணையில் வளர்த்ததா, கடலில் பிடித்ததா என்று பில்லில் எழுதியே விற்க வேண்டும் என மீன்வளத் துறை உத்தரவு போட வேண்டும். மேட்டூரில் துறையின் மீன் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. கெண்டைக் குஞ்சு வாங்க விவசாயிகள் அங்கே போகிறார்கள். மண்டபம், பரங்கிப்பேட்டைக் குஞ்சுகளை அங்கே வரவழைத்து மாதம் ஒருநாளாவது விற்றால், சேலம், நாமக்கல், தர்மபுரிக்காரர்களுக்கு நல்ல மீன் நேர்வழியில் கிடைக்கும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், படத்தில் பவளம் இல்லாத தொட்டியைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் சட்டம் சொல்வதையும் அச்சிடுங்கள். படத்தைக் காட்டித்தான் எல்லோரும் தொட்டி கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
கண்ணாடித் தொட்டி கட்டும் வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.